கரி உறிஞ்சுவதில்லை, பற்றுகிறது

'மாற்றியமைக்கப்பட்ட கார்பன் உறிஞ்சிகள் மூலம் மருத்துவக் கதிரியக்க அணுக்கருக்களைப் பிரித்தல்.' தருமபுரிப் பக்கம் அறிவியல் ஆசிரியர்களிடையே கைமாறி வந்த ஒரு மொழிபெயர்ப்பின் தலைப்பு இது. இந்த 'உறிஞ்சி'யைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

மூலச்சொல் சார்பென்ட். லத்தீனில் 'சோர்பேரே' என்றால் உறிஞ்சுவது. பரப்பில் மட்டும் ஒட்டி நிற்பதைப் பிரித்துச் சொல்ல 1881-இல் ஜெர்மன் இயற்பியலாளர் கைசர் 'அட்சார்ப்ஷன்' என்றார். உள்ளே இழுப்பது அப்சார்ப்ஷன். இரண்டுக்கும் பொதுவாக 'சார்ப்ஷன்' என்று 1909-இல் வேதியியலாளர் மெக்பெயின் பெயரிட்டார். வேர்க்கதை அவ்வளவுதான்.

'உறிஞ்சி' என்றதும் தமிழ் வாசகர் நினைப்பது பஞ்சை. நீர் உள்ளே போய் ஊறிவிடுகிறது. கரியில் நடப்பது வேறு. ஒரு கிராம் கிளர்வூட்டிய கரியின் பரப்பு 1000 சதுர மீட்டர் அளவுக்கு வரும். அத்தனையும் நுண்துளைகளின் சுவர். துளைக்குள் போகிறதே, உறிஞ்சல்தானே என்பார்கள். துளையின் சுவரும் பரப்புதான். அயனி அந்தச் சுவரில் நிற்கிறது, கரிக்குள் கரைவதில்லை.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம்? எலும்பு ஸ்கேனுக்குச் செலுத்தும் கதிரியக்கப் பொருளான டெக்னீசியம்-99எம் எப்படிக் கிடைக்கிறது என்று பாருங்கள். அலுமினா (அலுமினிய ஆக்சைடு) நிரப்பிய குழாயில் மாலிப்டினம்-99 தங்கியிருக்கும். அதன் அரைவாழ்வு, அதாவது பாதி சிதைய ஆகும் நேரம், 66 மணி. அது சிதைந்து தரும் டெக்னீசியத்துக்கு 6 மணி. உப்புநீரை விட்டால் டெக்னீசியம் மட்டும் கழன்று வரும், மாலிப்டினம் அங்கேயே நிற்கும். ஒன்றைப் பிடித்து இன்னொன்றை விடுவதுதான் பிரிப்பு. உறிஞ்சி விழுங்கிய பொருள் எப்படிக் கழன்று வரும் என்று ஒரு மாணவர் கேட்டால் அந்த மொழிபெயர்ப்பில் பதில் இல்லை.

அட்சார்ப்ஷனுக்குப் பாடநூல் தரும் 'பரப்புக் கவர்ச்சி' பொருளில் சரி. ஆனால் கவர்வது வேறு, பிடித்து வைப்பது வேறு. ஈழத்தில் வழங்கும் 'புறத்துறிஞ்சல்' புறம் என்று தொடங்கி உறிஞ்சலில் முடிகிறது. இரண்டையும்விட எளிய சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது: பற்று. நெற்றியில் போடும் பத்து, பற்றுதான். தோலின் மேல் நிற்கும், கழுவினால் போகும். எனவே அட்சார்ப்ஷன் பற்றுகை, சார்பென்ட் பற்றுபொருள், கரியானால் பற்றுகரி. கழன்று வருவது பற்றுநீக்கம்.

'மாற்றியமைக்கப்பட்ட' என்பதும் எதையும் சொல்லவில்லை. நைட்ரிக் அமிலம் கொண்டு கரியின் பரப்பை ஆக்சிஜனேற்றி, உலோக அயனிகளைப் பிடிக்கும் கார்பாக்சில் தொகுதிகளை உண்டாக்குவது போன்ற வேலை அது. 'பரப்பு மாற்றிய பற்றுகரி' என்றால் எங்கே மாற்றினார்கள் என்பதும் தெரியும். 'அணுக்கரு' அதைவிடப் பிழை. மூலத்தில் உள்ள நியூக்ளைடு என்பது கரு மட்டுமல்ல, இத்தனை புரோட்டான், இத்தனை நியூட்ரான், இன்ன ஆற்றல்நிலை கொண்ட அணுவின் வகை. கதிரியக்க அணுவகை என்று எழுதலாமே. அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து வைப்பவர்கள், அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று ஒரு நிமிடம் பார்ப்பதில்லை.

ஃபுளோரைடு நீரால் பல்லும் எலும்பும் கெட்ட மாவட்டம் நம் தருமபுரி. ஃபுளோரைடை நீக்கும் வடிகட்டியிலும் அதே அலுமினாதான், அங்கும் 'உறிஞ்சி' என்றே எழுதுகிறார்கள். உறிஞ்சி நிரம்பினால் தூக்கி எறியத் தோன்றும். பற்றியதைக் காஸ்டிக் சோடா கரைசலால் நீக்கி, அமிலத்தால் சமன்செய்து, அதே அலுமினாவை மறுபடி பயன்படுத்தலாம்.