மூணு பேருக்கு ஒரே 1200 கலோரித் தாளா?

அறுபது வயது மாமியார், பிள்ளை பெற்று நாலு மாதமான மருமகள், குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகும் மகன். எடை குறைக்க மூன்று பேரும் பின்பற்றுவது வாட்ஸ்அப்பில் வந்த, நாளுக்கு 1200 கலோரி என்று போட்ட ஒரே தாளை. மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை ஓடுகிறது. மருமகளுக்குத் தாய்ப்பால் குறைகிறது. மகனுக்கு விடியற்காலையில் மரத்தடியில் தலை சுற்றுகிறது. உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களில் இப்படிப்பட்ட வீடுகள் பெருகிக்கொண்டே போவதால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

1200 என்பது எல்லோருக்கும் பொதுவான எண் அல்ல. கணக்கை நீங்களே போடலாம், பேனாவும் தாளும் போதும். எடையைக் கிலோவில் எடுத்து 10-ஆல் பெருக்குங்கள். உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண் என்றால் கடைசியில் 5 கூட்ட வேண்டும், பெண் என்றால் 161 கழிக்க வேண்டும். 1990-இல் வந்த மிஃப்ளின் - செயின்ட் ஜியோர் சூத்திரம் இது. வருகிற விடை, நாள் முழுக்கப் பாயில் படுத்துக் கிடந்தாலும் உடம்பு எரிக்கிற அளவு. அமெரிக்கர்களை அளந்து போட்டது என்பதால் நம் உடம்புக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். அதனால் இது ஆரம்பப் புள்ளி மட்டும்தான்.

பால் வெட்டும் தம்பிக்கு வயது 35, உயரம் 170, எடை 82 என்று வையுங்கள். படுத்துக் கிடந்தாலே சுமார் 1710 கலோரி செலவாகும். மேடும் பள்ளமுமாக மரத்துக்கு மரம் நடந்து, குனிந்து, பால் சுமக்கிறவருக்கு அதை உழைப்புக்கேற்ற எண்ணான 1.55-ஆல் பெருக்கினால் 2650. எடை குறைய அதில் 500 குறைத்தாலும் 2150 சாப்பிட வேண்டும். 1200 என்பது அவர் படுக்கையில் கிடக்கத் தேவையானதை விடவும் 500 குறைவு. அதைத் தின்றுவிட்டுக் கையில் கத்தியோடு இருட்டில் தோட்டத்துக்குள் போகிறார்!

இப்போது முந்திரி ஆலையில் பருப்பு உரிக்கும் ஓர் அக்காவை எடுத்துக்கொள்வோம். வயது 42, உயரம் 155, எடை 72. படுத்திருந்தால் 1318. உட்கார்ந்து செய்யும் வேலை, அதோடு வீட்டு வேலையும் உண்டு என்பதால் 1.3-ஆல் பெருக்கினால் சுமார் 1710. அந்தத் தம்பி படுத்துக் கிடந்தால் ஆகும் செலவுதான் இந்த அக்காவின் முழு நாள் செலவு. இரண்டு பேருக்கும் ஒரே தாள் எப்படிப் பொருந்தும்? இவர் 350 குறைத்து 1350 அளவில் தொடங்கலாம்.

பெரும்பாலானோர் தவறுவது அந்தப் பெருக்கும் எண்ணில்தான். "நான் காலையில இருந்து ராத்திரி வரை வேலை செய்யுதேன்" என்று சொல்லிக் கலோரிக் கணக்குப் போடும் செயலியில் கடின உழைப்பு என்ற கட்டத்தைத் தொடுகிறார்கள். முதுகு ஒடிகிறது, முந்திரிச் சூடு பட்டு விரல் புண்ணாகிறது, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் உடம்பு நகராத வேலையில் கலோரி அதிகம் செலவாகாது. அதே அக்கா 1.3-க்குப் பதில் 1.55 போட்டால் விடை 2040-ஐத் தாண்டும். குறைக்க நினைத்த 350 ஏறக்குறைய அங்கேயே காணாமல் போகும். இதற்கு மேல், சங்குத்துறைக் கடற்கரையில் ஒரு மணி நேரம் நடந்ததற்குக் கைக்கடிகாரம் காட்டும் கலோரியையும் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். 72 கிலோ உள்ளவர் ஐந்து கிலோமீட்டர் நடந்தால் கூடுதலாக எரிவது சுமார் 180. திரும்பும் வழியில் இரண்டு சாயா குடித்தால், ஒவ்வொன்றிலும் 100 மில்லி பாலும் இரண்டு கரண்டிச் சீனியும் என்று வைத்தால், 200 வந்துவிடும்.

செலவுக் கணக்கு சரியாக இருந்தாலும் வரவுக் கணக்கு தவறுகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அது தவறும் இடம் தேங்காய். "சோறு ஒரு கரண்டிதான்" என்கிறவர்கள் கறியில் அரைத்த தேங்காயைச் சொல்வதே இல்லை. காலையில் புட்டுக்கு, மதியம் மீன் கறிக்கும் துவரன் என்ற பொரியலுக்கும், ராத்திரி தோசைச் சட்னிக்கு. துருவிய தேங்காய் 100 கிராமில் 350 கலோரிக்குக் குறையாது. ஒரு முறியை, அதாவது அரை மூடித் தேங்காயை, துருவித் தராசில் வையுங்கள், நூறு நூற்றைம்பது கிராம் காட்டும். நாலு பேர் உள்ள வீட்டில் நாளைக்கு மூன்று முறி அரைத்தால் ஆளுக்குச் சுமார் 100 கிராம் உள்ளே போகிறது. தேங்காயை விடச் சொல்லவில்லை, தயவுசெய்து விடவும் வேண்டாம். தேங்காய் இல்லாத மீன் கறியை எத்தனை நாள் தின்பீர்கள்? மூன்று முறியை ஒன்றரை ஆக்குங்கள், சில நாள் தேங்காய் அரைக்காத மீன் குழம்பான புளிமுளம் வையுங்கள். அது போதும்.

எண்ணெய்க்கு எளிய வழி உண்டு. ஒரு லிட்டர் பாட்டிலைத் திறக்கும்போது தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 8200 கலோரி. நாலு பேர் வீட்டில் பத்து நாளில் தீர்ந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 205.

சோற்றைப் பொறுத்தவரை, அரிசிக்கான எண்ணைச் சோற்றுக்குப் போடாதீர்கள். அரிசி 100 கிராம் சுமார் 350 கலோரி. அது சோறாகும்போது இரண்டரை மூன்று மடங்கு கனக்கும், எவ்வளவு என்பது அரிசியையும் வடிப்பதையும் பொறுத்தது. காலிப் பானையின் எடையைக் குறித்து வைத்துக்கொண்டு, வடித்த பிறகு மறுபடி நிறுங்கள். 400 கிராம் அரிசி போட்டு 1150 கிராம் சோறு வந்தால், தட்டில் விழும் 250 கிராமில் சுமார் 300 கலோரி. சோற்றை விட்டுவிட்டு மரச்சீனிக்கு (மரவள்ளிக் கிழங்குக்கு) மாறியவர்களுக்கும் ஒரு வார்த்தை: அவித்த கிழங்கு 300 கிராம் என்றால் கிட்டத்தட்ட 450 கலோரி, அதே எடைச் சோற்றை விட அதிகம். தட்டில் கிழங்கைப் பாதியாக்கிச் சாளை மீனைக் கூட்டுங்கள், அதிலுள்ள புரதம் பசி தாங்கும். ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் 100 கிராம் 500 கலோரியைத் தாண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்று வாரம் இப்படிச் சாப்பிட்டபடியே எடை பாருங்கள். தினமும் காலையில் கழிவறை போய்வந்த பிறகு நின்று, வாரத்தின் ஏழு எண்களின் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். முந்தின நாள் கருவாடு தின்றால் உப்போடு நீர் கூடும், மறுநாள் ஒரு கிலோ ஏறியதாகக் காட்டும். மாதவிலக்கை ஒட்டியும் அப்படித்தான். வாரத்துக்குக் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை சராசரி குறைந்தால் கணக்கு சரி. அசையவே இல்லை என்றால் 100 அல்லது 150 மட்டும் குறையுங்கள், அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். ஆறு நாள் நானூறு நானூறாகக் குறைத்து மிச்சம் பிடித்த 2400-இல், ஒரு கல்யாணப் பிரியாணியும் அதன் பின்னால் வரும் முந்திரிக்கொத்துப் பலகாரமும் 1500 வரை தின்றுவிடும். ஐந்து கிலோ குறைந்ததும் கணக்கை மறுபடி போடுங்கள்.

இனிச் சொல்வதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் அளவை மாற்றாமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார்கள். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் புரதத்தைத் தானாகக் கூட்டாதீர்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் பெண்ணுக்கு முதல் ஆறு மாதம் வழக்கத்தை விட 600 கலோரி கூடுதலாகத் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) பரிந்துரை. அவள் கையில் 1200 தாளைக் கொடுக்காதீர்கள் அம்மா. அவசரமாகக் குறைத்த எடைக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாக உதிரும், பித்தப்பையில் கல்லும் வரலாம்.

ஆலோசனைக்கு வரும்போது மூன்று நாள் தின்றதை எழுதிக்கொண்டு வாருங்கள், அதில் ஒன்று ஞாயிறாக இருக்கட்டும். மருந்துச் சீட்டும், எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்த தேதியும், ஒரு நாளைக்கு எத்தனை முறி தேங்காய் என்பதும் அதோடு வேண்டும்.