சவானா அணுக்கப்பல்: உலைக்கு ஒரு சட்டம், கப்பலுக்கு ஒரு சட்டம்

உலகின் முதல் அணுசக்தி வணிகக் கப்பல் அமெரிக்காவின் ‘என்.எஸ். சவானா’. 1959-ல் நியூ ஜெர்சியின் கேம்டனில் நீரில் இறங்கி, 1962 முதல் 1970 வரை ஓடியது. 1971-ல் உலையிலிருந்த எரிபொருளை வெளியே எடுத்துவிட்டார்கள். எரிபொருள் போனாலும் அணு உலைக்கான உரிமம் தானாகப் போய்விடாது. இன்றுவரை கப்பலை வைத்திருக்கும் போக்குவரத்துத் துறையின் கடல்சார் நிர்வாகம் ஒரே நேரத்தில் இரண்டு சட்டங்களுக்குக் கட்டுப்பட்டது. அணுசக்திச் சட்டம் கதிரியக்கம் உள்ளதை எடுத்துவிடச் சொல்கிறது. கப்பல் 1991-ல் தேசிய வரலாற்றுச் சின்னமாகிவிட்டதால், எதைத் தொடுவதானாலும் முதலில் கலந்து பேச வேண்டும் என்கிறது வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம்.

முதலில் உரிமம். அமெரிக்கக் கூட்டாட்சி விதித்தொகுப்பின் 10-வது தலைப்பிலுள்ள 50.82 பிரிவுப்படி, உலையை நிரந்தரமாக நிறுத்தியவர் அதையும், எரிபொருளை எடுத்துவிட்டதையும் எழுத்தில் சான்றளிக்க வேண்டும். பிறகு, உலையை எப்படிப் பிரித்து அகற்றுவார்கள் என்று சொல்லும் கலைப்புத் திட்ட அறிக்கை. அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் அதை வெளியிட்டு மக்கள் கூட்டம் நடத்தும். அறிக்கை ஆணையத்தின் கைக்குச் சேர்ந்து 90 நாள் கழியும் வரை பெரிய பாகம் எதையும் அறுக்கக் கூடாது. உரிமம் முடியும் தேதிக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு முன்பே உரிம முடிப்புத் திட்டம் போய்ச் சேர வேண்டும். எல்லாவற்றுக்கும் மொத்தக் கெடு, நிறுத்தியதிலிருந்து 60 ஆண்டு. சவானாவுக்கு 1971-லிருந்து எண்ணினால் அது 2031 இறுதியில் தீர்கிறது.

பணத்துக்குத் தனியார் மின் நிலையங்கள் முன்கூட்டியே நிதி ஒதுக்க வேண்டும். அரசு நிறுவனத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. செலவு மதிப்பீட்டோடு, தேவைப்படும்போது பணம் பெறுவோம் என்று ஓர் உறுதிக் கடிதம் கொடுத்தால் போதும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் நாடாளுமன்றம் ஒதுக்கும் வரை வேலை நகராது. இந்தக் கப்பல் பல்லாண்டு பூட்டிக் கிடந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

காத்திருந்ததில் ஒரு லாபமும் இருந்தது. உலை எஃகில் வேலையாட்களுக்கு முதல் எதிரி கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், 5.27 ஆண்டு. 1970 முதல் 2022 வரை ஏறக்குறைய பத்து அரை ஆயுள் கழிந்து, ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது. இன்னும் காத்திருந்தால் என்ன என்று கேட்கலாம். எஃகிலுள்ள இன்னொரு கதிரியக்கப் பொருளான நிக்கல்-63-ன் அரை ஆயுள் சுமார் நூறு ஆண்டு. கூடுதலாகப் பத்து ஆண்டு பொறுத்தாலும் அது அசைந்து கொடுக்காது. 2022 நவம்பரில், பால்டிமோரில் கட்டியிருந்த கப்பலிலிருந்து எரிபொருள் இருந்த உலையின் கனத்த எஃகு அழுத்தக் கலனைத் தூக்கி எடுத்து, யூட்டாவின் கிளைவ் கழிவுக் கிடங்குக்கு அனுப்பினார்கள்.

கலன் போன பிறகுதான் நுணுக்கமான வேலை. மிஞ்சிய கதிரியக்கத்தால் ஒருவருக்கு ஆண்டுக்கு 25 மில்லிரெம்முக்கு (0.25 மில்லிசீவர்ட்) மேல் சேரக் கூடாது, நியாயமாக முடிந்தவரை அதையும் குறைக்க வேண்டும். அமெரிக்காவில் இயற்கையிலிருந்தே ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 310 மில்லிரெம் கிடைக்கிறது. அதோடு ஒப்பிட்டால் வரம்பு எவ்வளவு இறுக்கம் என்று புரியும். இதை நிரூபிக்க ‘மார்சிம்’ என்ற கதிரியக்க அளவீட்டுக் கையேட்டின்படி கப்பலைப் பகுதி பகுதியாகப் பிரித்து அளப்பார்கள். மாசு வாய்ப்பு அதிகமுள்ள முதல் வகுப்புப் பகுதி 100 சதுர மீட்டர் தளத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அங்கே ஓரங்குலம் விடாமல் கருவி ஓட வேண்டும். கட்டடத்துக்கென்று எழுதிய முறை கப்பலில் அடிக்கடி இடிக்கும். பில்ஜ் எனும் கப்பலின் அடித்தட்டு மூலையிலும் குழாய் வளைவுக்குள்ளும் கருவியின் தலை நுழையாது. அதைவிடத் தொல்லை பெயின்ட். பழைய பூச்சின் மேல் புதுப் பூச்சு ஏறியிருந்தால், அடியிலுள்ள மாசின் ஆல்ஃபா கதிர்வீச்சை மெல்லிய படலமே மறைத்துவிடும். கருவி பூஜ்யம் காட்டும், மாசு அங்கேயே இருக்கும். சந்தேகமுள்ள இடத்தில் சுரண்டி மாதிரி எடுப்பதைத் தவிர வழியில்லை. சுரண்டினாலோ 1960-களின் அசல் மேற்பரப்பு போய்விடும். இரண்டு சட்டமும் முட்டிக்கொள்வது இங்கேதான்.

1966-ம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் 106-ம் பிரிவு, அரசுப் பணி ஒன்று வரலாற்றுச் சொத்தைப் பாதிக்குமா என்று பார்த்து, பாதித்தால் தீர்வு தேடச் சொல்கிறது. ஆணையம் உரிமத்தை முடித்துவைப்பதும் அப்படி ஓர் அரசுப் பணியே. பால்டிமோர் உள்ள மேரிலாந்து மாநிலத்தின் வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலர், கூட்டாட்சியின் வரலாற்றுப் பாதுகாப்பு ஆலோசனைக் குழு, தேசியப் பூங்காச் சேவை என எல்லோரும் வருகிறார்கள். முழு விளைவும் முன்கூட்டித் தெரியாத இத்தகைய நீண்ட வேலைக்கு ஒரே தடவையில் திட்ட ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். சவானாவுக்கு 2023-ல் போட்டார்கள். கழற்றும் முன் படம் எடு, வரைபடம் பத்திரப்படுத்து, காட்சிக்கு உதவும் பாகத்தை ஒதுக்கு என்பவை இப்படிப்பட்ட ஒப்பந்தங்களின் வழக்கமான அம்சங்கள்.

பலர் நினைப்பது தவறு: சின்னம் என்று அறிவித்ததாலேயே கப்பலை உடைக்க முடியாது என்பதில்லை. 106-ம் பிரிவு கலந்தாலோசனையைக் கட்டாயமாக்குகிறது, முடிவை அல்ல. உரிமம் முடிந்ததும் கப்பல் ஆணையத்தின் பிடியிலிருந்து மட்டுமே விடுபடும். கப்பலை ஏற்றுப் பாதுகாக்க ஆள் வராவிட்டால், முறைப்படி பேசி முடித்த பிறகு உடைக்கும் தளமும் சட்டப்படி திறந்த வழிதான்.

ஏற்க நினைக்கும் அமைப்பு கதிரியக்கத்தைவிட வேறு இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று, பி.சி.பி. எனும் நச்சு வேதிப்பொருள். அந்தக் காலக் கப்பல்களின் கேபிள் உறையிலும் பெயின்டிலும் கேஸ்கெட்டிலும் அது சகஜம், 50 பி.பி.எம்.மை (பத்து லட்சத்தில் 50 பங்கு) எட்டினால் கைமாற்றுவதற்கே நச்சுப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் குறுக்கே நிற்கும். மற்றொன்று, கப்பலை நீரிலிருந்து வெளியே எடுத்துப் பழுதுபார்க்கும் உலர்துறைச் செலவு. 596 அடி எஃகு உடலை நீரில் கட்டிவைத்துவிட்டு நுழைவுச் சீட்டுப் பணத்தில் காப்பாற்றுவது கடினம். இதே கப்பல் 1981-லிருந்து தென் கரோலினாவின் பேட்ரியட்ஸ் பாயின்ட்டில் அருங்காட்சியகமாக இருந்தது. 1993 ஆய்வில் உலர்துறைக்குப் போக வேண்டும் என்று தெரிந்ததும், அடுத்த ஆண்டே ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்கள்.