ஒரே 17 சதவீதம், இரண்டு விதி

2019 பிப்ரவரியில் சிகாகோ நகர மேயர் பதவிக்கு 14 பேர் போட்டியிட்டார்கள். ஏறத்தாழ 17.5 சதவீத வாக்குகளுடன் லோரி லைட்ஃபுட் முதலிடம் பிடித்தார். நம் சட்டமன்றத் தேர்தலின் விதி அங்கே இருந்திருந்தால், ஆறில் ஐந்து பேர் வாக்களிக்காத ஒருவர் அன்றே மேயர் ஆகியிருப்பார். சிகாகோவின் விதி வேறு: பாதிக்கு மேல் வாக்கு வேண்டும். யாருக்கும் அது கிடைக்காவிட்டால் முதல் இருவர் மட்டும் மீண்டும் மோத வேண்டும். ஏப்ரலில் நடந்த இரண்டாம் சுற்றில் லைட்ஃபுட் 73 சதவீதத்துக்கு மேல் பெற்றார்.

ஐந்து வாரங்களில் ஊரின் மனம் மாறிவிடவில்லை, கேள்விதான் மாறியது. முதல் சுற்று, "உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார்?" என்று கேட்கிறது. இரண்டாம் சுற்று, "இந்த இருவரில் யார் பரவாயில்லை?" என்று கேட்கிறது.

2023-இல் அதே லைட்ஃபுட் மேயராக இருந்துகொண்டே மறுபடி நின்றார். இம்முறையும் ஏறத்தாழ 17 சதவீதம்தான். ஆனால் இடம் மூன்றாவது. முதல் சுற்றோடு வெளியேறினார். 33 சதவீதத்துடன் முன்னணியில் இருந்த பால் வாலஸும் வெல்லவில்லை. 22 சதவீதத்தை எட்டாத பிராண்டன் ஜான்சன், இரண்டாம் சுற்றில் 52 சதவீதம் பெற்று மேயரானார். தோற்றவர்களின் வாக்காளர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்பதே முடிவைத் தீர்மானித்தது.

இந்த இரு சுற்றுத் தேர்தல் முறை ஒன்றை உறுதியாகத் தடுக்கிறது: நேருக்கு நேர் நின்றால் எல்லோரிடமும் தோற்கக்கூடியவர், வாக்குச் சிதறலைப் பயன்படுத்தி வென்றுவிட முடியாது. கடைசி மோதலில் அவர் ஒருவரையாவது வீழ்த்தியாக வேண்டுமே.

ஆனால் ஓர் ஓட்டையும் உண்டு. 100 வாக்காளர்களில் 40 பேர் 'அ'வையும், 35 பேர் 'ஆ'வையும், 25 பேர் 'இ'யையும் விரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரு தரப்புக்கும் இரண்டாவது விருப்பம் 'இ'. தனித்தனியே மோதினால் 'இ', 'அ'வை 60-40 என்றும், 'ஆ'வை 65-35 என்றும் வெல்வார். ஆனால் முதல் சுற்றிலேயே அவர் காணாமல் போகிறார். ஊர் முழுவதும் ஏற்கக்கூடிய ஒருவரை இப்படி இழப்பதைத்தான் இம்முறையின் பெருங்குறையாகக் கருதுகிறேன்.

இரண்டாம் முறை வாக்குச்சாவடிக்குப் போகாமலே இதே வேலையைச் செய்கிறது இலங்கையின் ஜனாதிபதித் தேர்தல். வாக்காளர் 1, 2, 3 என விருப்பங்களைக் குறிக்கலாம். யாரும் பாதியைத் தாண்டாவிட்டால், வெளியேறியவர்களின் வாக்குச்சீட்டுகளில் உள்ள அடுத்த விருப்பங்கள் முதல் இருவருக்குச் சேர்க்கப்படும். 2024-இல்தான் முதன்முறையாக அந்த இரண்டாம் எண்ணிக்கை தேவைப்பட்டது. வெளியேறியவர் ஒருவருக்கு மட்டும் குறியிட்டுவிட்டு மற்றக் கட்டங்களை வெறுமையாக விட்டவர்களின் சீட்டுக்கு அந்த எண்ணிக்கையில் இடமில்லை.