பெருந்தச்சன்: ஆர்க்கிடெக்ட்டுக்குக் கல்லில் இருக்கும் சொல்

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியது யார் என்றால் ராஜராஜன் என்று குழந்தையும் சொல்லிவிடும். சரி, கணக்குப் போட்டு, கயிறு பிடித்து, கல்மேல் கல்லேற்றியவர் யார்? அவர் பெயரும் அங்கேயேதான் இருக்கிறது. கோயிலில் ஆடிப் பணிசெய்த 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயர் பெயராகச் சொல்லும் அந்த நீண்ட கல்வெட்டில், மற்றப் பணியாளர்களோடு, 'வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன்' என்று வருகிறது. கூடவே நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் என்று இருவர். நித்தவினோதன் என்பதும் ராஜராஜனின் பட்டப்பெயர்தான். தன் பெயரையே தச்சருக்குச் சூட்டியிருக்கிறார் மன்னர்! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

குஞ்சரமல்லனைக் கோயிலின் தலைமைக் கட்டடக் கலைஞர் என்றே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினால், பெயருக்குக் கீழே என்னவென்று பொறிப்பது? ஆர்க்கிடெக்ட் என்றா? ஸ்தபதி என்றா?

தச்சன் என்றதும் இன்று மர ஆசாரிதான் நினைவுக்கு வருவார். முன்பு அப்படி இல்லை. மரத்தச்சரும் உண்டு, கல்தச்சரும் உண்டு. அளந்து, வெட்டி, பொருத்துகிறவர் எவரும் தச்சர். புதுமனை புகுவதற்கு முந்தின இரவு 'தச்சு கழிப்பது' இன்னும் நம் ஊர்களில் உண்டு. உளியும் மூலைமட்டமும் தூக்குக்குண்டும் வரிசையாக வைத்து, ஆசாரி பூசை போடுவார். மரவேலை, கல்வேலை என்று பிரிக்காமல் வீடு முழுவதுமே அங்கே 'தச்சு'.

சொல் எங்கிருந்து வந்தது? தைத்தல் என்பதிலிருந்து வந்த தனித்தமிழ்ச் சொல் என்பார் உண்டு. வடமொழி தக்ஷன் என்பதன் திரிபு என்கிறது சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி. எனக்கு இதுவே சரியாகப் படுகிறது. பாலி மொழியில் 'தச்சக' என்றே இருக்கிறது. லக்ஷ்மியை ஊரில் லச்சுமி என்று கூப்பிடுவதும் இதே வழக்கம்தான். வந்தது எப்போதோ, புறநானூற்றிலேயே ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சனை ஔவையார் பாடிவிட்டார். 'மரங்கொல் தச்சர்' சிலப்பதிகாரத்துப் புகாரில் குடியிருந்தார்கள். இரண்டாயிரம் ஆண்டு பழகிய சொல்லை அயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

இப்போது ஆர்க்கிடெக்ட்டைப் பிரித்துப் பாருங்கள். கிரேக்கத்தில் அது 'ஆர்க்கிதெக்தோன்'. ஆர்க்கி என்றால் தலைமை, தெக்தோன் என்றால் தச்சர். அந்தத் தெக்தோனும் வடமொழித் தக்ஷனும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆக, ஆர்க்கிடெக்ட் என்றால் சொல்லுக்குச் சொல் பெருந்தச்சன்! யாரும் உட்கார்ந்து மொழிபெயர்க்கவில்லை; வேலையைப் பார்த்து வைத்த பெயர்கள் தாமாகவே ஒத்துப்போயின. புகாரில் சோழன் மண்டபத்தைத் தமிழ் வினைஞரோடு சேர்ந்து 'யவனத் தச்சர்' கட்டியதாக மணிமேகலை சொல்கிறது. யவனர் என்றால் கிரேக்கர் முதலான மேற்கு நாட்டார். தெக்தோன்களைத் தச்சர் என்றே கூப்பிட்டிருக்கிறோம்.

ஸ்தபதி என்ற சொல்லும் குறைந்ததல்ல. மயமதம் முதலான சிற்ப நூல்களில் ஸ்தபதிதான் தலைவர். தக்ஷகன் அவருக்குக் கீழே வருகிறவர். ஆனால் காவிரிக்கரையில், சுவாமிமலைப் பக்கம் ஸ்தபதி என்றால் ஐம்பொன் சிலை வார்ப்பவரைத்தான் காட்டுவார்கள். பெரிய கோயில் கல்வெட்டோ தலைவருக்கே தச்சு என்ற சொல்லைக் கொடுத்து, அதன்மேல் 'பெரு' என்று ஒரு முடி வைத்தது.

புழக்கத்துக்கு வருவோம். பட்டம் படித்து வரைபடம் போட்டுத் தருபவருக்குக் கட்டடக் கலைஞர் என்பது நிலைபெற்றுவிட்டது, அப்படியே இருக்கட்டும். பொறியாளர் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது வேறு வேலை. கோயிலோ மண்டபமோ, ஒரு பெரும்பணியை முழுதாகத் தலைமேல் தாங்கி நடத்தியவரைச் சொல்லும்போது பெருந்தச்சர் என்று எழுதலாம். 'அர்' விகுதி போட்டால் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும். குஞ்சரமல்லனுக்கு மட்டும் 'அன்' விகுதியே இருக்கட்டும்: ராஜராஜப் பெருந்தச்சன். ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லில் வெட்டியது அப்படித்தான்.