தசைப்பிடிப்பா, குரக்குவலியா?

நடுராத்திரியில் கெண்டைக்கால் சதை கல்லாக இறுகி ஆளையே எழுப்பிவிடும் வலிக்கு நம்மிடம் பல பெயர்கள். சதை பிடித்துக்கொண்டது, நரம்பு இழுத்துக்கொண்டது, குரக்களி பிடித்தது, சிலருக்கு சுளுக்கு. இதில் கடைசிப் பெயரை விட்டுவிட வேண்டும். சுளுக்கு என்பது மூட்டைச் சுற்றியுள்ள தசைநார் அடிபடுவது. அதற்கு ஓய்வு தேவை, இழுத்து நீட்டக் கூடாது. இங்கோ நீட்டுவதுதான் மருந்து. 'நரம்பு இழுத்தது' என்பதும் பாதிதான் சரி. இறுகுவது தசை, அதை இறுகச் சொல்லிச் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருப்பதுதான் நரம்பு.

ஆங்கிலத்தின் 'கிராம்ப்' பழைய பிரெஞ்சு வழியாக ஜெர்மானிய மொழிகளிலிருந்து வந்தது. கொக்கி, வளைந்தது என்பது அதன் வேர்ப்பொருள். தமிழின் பழைய சொல் குரக்குவலி. குரங்குதல் என்ற வினைக்கு வளைதல் என்று பொருள் உண்டு. வலித்தல் என்றால் இழுத்தல், துடுப்பு வலிக்கிறோமே, அதுபோல. வளைத்து இழுக்கும் நோய்க்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? ஆனால் இன்று பலருக்கு இது புரியாது என்பதால், பொது எழுத்துக்குத் தசைப்பிடிப்பு என்பதையே பரிந்துரைப்பேன். வெறும் 'பிடிப்பு' போதாது, வாயுப்பிடிப்போடு குழம்பிவிடும்.

சரி, ஏன் வருகிறது? களைத்துப்போன தசையில் நரம்பின் தூண்டல் அடங்காமல் போவது முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து கெண்டைத் தசை சுருங்கியே கிடப்பதால் சின்னத் தூண்டலே போதும். கர்ப்பம், முதுமை, டயாலிசிஸ், சிறுநீர் பெருக்கும் மாத்திரைகள் எல்லாம் வாய்ப்பைக் கூட்டும். வெயிலிலும் வெப்பத்திலும் உழைப்பவர் கதை வேறு. 1920களில் பிரிட்டனின் ஆழமான நிலக்கரிச் சுரங்கங்களில் வியர்த்துக்கொட்டியவர்கள் வெறும் தண்ணீரை நிறையக் குடித்தபோது தசைப்பிடிப்பு வந்தது; தண்ணீரில் உப்பு சேர்த்ததும் குறைந்தது. வயலில் நிற்பவருக்கு உப்புப் போட்ட மோர் நல்லதுதான். ஆனால் மின்விசிறிக்கடியில் படுத்திருப்பவருக்கு ராத்திரி வரும் பிடிப்புக்கெல்லாம் உப்புக் குறைவைக் காரணம் சொல்ல முடியாது. ரத்த அழுத்தம் உள்ளவர் அப்படி நினைத்து உப்பைக் கூட்டினால் ஆபத்து.

பிடித்தவுடன் முழங்காலை நீட்டி, கால்விரல்களை முகத்தை நோக்கி மெல்ல இழுத்துப் பிடியுங்கள், அப்புறம் தேய்த்துவிடலாம். வராமல் தடுக்க, படுக்கும் முன் சுவரில் கைகளை ஊன்றி, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாய்ந்து கெண்டையை நீட்டுங்கள். தினமும் இப்படிச் செய்த முதியவர்களுக்குப் பிடிப்பு குறைந்ததாக நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. மெக்னீசியம் மாத்திரையால் முதியவர்களுக்குப் பெரிய பலன் இல்லை. முன்பு கொடுத்துவந்த குயினைன் என்ற மலேரியா மருந்தை இதற்காக எடுக்க வேண்டாமென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களையும் இதயத் துடிப்பையும் அது பாதிக்கலாம்.

ஒரு காலில் மட்டும் வீக்கமும் சூடும் சிவப்பும் சேர்ந்து வலி விடாமல் இருந்தால் அது தசைப்பிடிப்பாக இல்லாமல் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்த கட்டியாக இருக்கலாம். அப்போது தேய்க்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.