ஹோட்டல் சாப்பாட்டால் உடம்பு படுத்தினால்: சட்டம் என்ன தருகிறது, எதற்கு அவசரப்பட வேண்டும்

வெளியில் சாப்பிட்டுவிட்டு வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் படுத்தால் நம்மில் பெரும்பாலானோர் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வோம், அந்தக் கடைப் பக்கம் இனித் தலைவைத்துப் படுப்பதில்லை என்று சொல்லிக்கொள்வோம். அதோடு சரி. அதற்கு மேலும் கேட்க உரிமை இருக்கிறது. உணவு பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006 அந்த உரிமையைத் தருகிறது. 1954-ஆம் ஆண்டின் பழைய உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இது, 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது.

புகார் கொடுக்கிறவர் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மிளகாய்த்தூளில் கலந்த சாயம் ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் அப்படியே இருக்கும். கிருமி விஷயம் வேறு. மதியம் உங்களைப் படுக்கவைத்த குழம்பு இரவு கடை மூடும்போது கழுவித் தள்ளப்பட்டுவிடும். மறுநாள் அங்கே இருப்பது வேறு குழம்பு, துடைத்து வைத்த சமையலறை. அதனால் இந்தச் சட்டத்தில் பாதி வெற்றி தோல்வி முதல் ஒன்றிரண்டு நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

எந்தச் சாப்பாடு காரணம்?

கடைசியாகச் சாப்பிட்ட கடையைத்தான் எல்லோரும் குற்றம் சொல்வார்கள். பல நேரம் அது தவறு. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஏழெட்டு மணி நேரத்துக்குள் வாந்தி பிடித்தால், ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் விட்டுப்போன நச்சை முதலில் சந்தேகிக்கலாம். சமைப்பவர் கைப்புண்ணிலும் மூக்கிலும் இருக்கும் கிருமி அது. அதன் நச்சு கொதிக்க வைத்தாலும் அழியாது என்பதால், "சூடாத்தானே குடுத்தோம்" என்று கடைக்காரர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் பயன் இல்லை. வடித்த சோற்றை வெளியே வைத்திருந்து மறுநாள் ஃப்ரைடு ரைஸ் போடும் இடத்தில் பேசில்லஸ் செரியஸ் இதே வேகத்தில் வேலையைக் காட்டும். அதன் வித்துகள் (கெட்டியான உறைக்குள் உறங்கிக் கிடக்கும் கிருமி) சோறு வேகும்போதும் சாவதில்லை.

பெரிய அண்டாவில் செய்து மெல்ல ஆறவிட்ட கறிக்குழம்பில் வளர்வது கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். இது 6 முதல் 24 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். வாந்தி குறைவு, வயிற்றுவலியும் போக்கும் அதிகம். சால்மோனெல்லா ஆறு மணி நேரத்திலும் வரலாம், ஆறு நாள் கழித்தும் வரலாம். ஷிகெல்லாவுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள். லிஸ்டீரியாதான் மோசம்: குளிர்பெட்டிக்குள்ளேயே வளரும், கர்ப்பிணிகளைக் குறிவைக்கும், நோய் தெரியச் சில வாரங்கள்கூட ஆகும்.

ஆக, புதன்கிழமை காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு வந்தால் செவ்வாய் இரவுப் பரோட்டாவை மட்டும் திட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதையும் நினைத்துப் பாருங்கள். மூன்று நாலு நாளாக எங்கே என்ன சாப்பிட்டீர்கள், கூட யார் சாப்பிட்டார்கள், அவர்களில் யாருக்கு உடம்பு முடியவில்லை, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதிவைத்தால் அதிகாரிக்கும் மருத்துவருக்கும் அதைவிட உதவியான ஆவணம் இல்லை. ஒரே உணவைச் சாப்பிட்ட இரண்டு பேருக்கோ அதற்கு மேலோ ஒரே மாதிரி நோய் வந்தால் மருத்துவத் துறை அதை உணவுவழி நோய்ப் பரவலாக எடுத்துக்கொள்ளும். அப்போது மாவட்டச் சுகாதாரத் துறையின் கண்காணிப்புப் பிரிவும் விசாரணைக்கு வரும். ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் என்று 2004-இல் தொடங்கியது அது.

மருத்துவமனையில் ஒன்றைக் கேளுங்கள்: ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே மலத்தைக் கல்ச்சர் பரிசோதனைக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, எடுக்க முடியுமா என்று. மருந்து உள்ளே போய்விட்டால் கிருமி வளர்ந்து காட்டும் வாய்ப்பு குறைந்துவிடும். உணவு கழுவிப் போய்விட்ட பிறகு, நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த மாதிரிதான் பெரிய சாட்சி. 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்டுப் பலர் நோயுற்று ஒரு மாணவி இறந்தபோது, ஷிகெல்லா என்று உறுதியானது நோயாளிகளின் மாதிரிகளிலிருந்துதான். இதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. ஓ.ஆர்.எஸ். குடிப்பதும் டாக்டரிடம் ஓடுவதும் முதலில், மற்றதெல்லாம் அப்புறம்.

யாரிடம் சொல்வது?

ஒவ்வொரு மாவட்டத்திலும் உணவு பாதுகாப்புத் துறைக்கு ஒரு மாவட்ட நியமன அலுவலர் இருக்கிறார். அவருக்குக் கீழே வட்டாரம் வட்டாரமாக உணவு பாதுகாப்பு அலுவலர்கள். தமிழ்நாட்டில் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் புகார் அனுப்பலாம். தேசிய உணவு பாதுகாப்பு ஆணையத்தின் கட்டணமில்லா எண் 1800 112 100. பில்லை வீசிவிடாதீர்கள். 2022 ஜனவரி 1 முதல் பில்லில் கடையின் 14 இலக்க உரிம எண்ணோ பதிவு எண்ணோ இருக்க வேண்டும் என்பது விதி. அந்த எண் இருந்தால் கடை யாருடையது, எந்த அலுவலரின் எல்லை என்று தேடவேண்டியதில்லை. எண்ணே இல்லாத பில் என்றால் அதையே தனிப் புகாராகக் கொடுக்கலாம்.

வீட்டில் மிச்சம் இருக்கும் பார்சலைக் குளிர்பெட்டியில் மூடிவையுங்கள். விசாரணையில் திசை காட்ட அது உதவும். ஆனால் அதை மட்டுமே நம்பி வழக்கு நிற்காது. உங்கள் வீட்டில் எவ்வளவு நேரம் வெளியே இருந்தது, யார் கை பட்டது என்று கடைக்காரர் கேட்பார், கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. சட்டப்படி செல்லும் மாதிரி, அலுவலர் கடையிலேயே எடுக்கும் மாதிரி. 47-ஆவது பிரிவின்படி அவர் எழுத்தில் அறிவித்து, மாதிரியை நான்கு பங்காக்கி முத்திரை இட வேண்டும். ஒரு பங்கு உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலரிடம், கடைக்காரர் கேட்டால் மீதி ஒன்று அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு. கிருமிச் சோதனை என்றால் இதில் கூடுதல் தலைவலி உண்டு: கிருமி நீக்கிய கலத்தில் எடுக்க வேண்டும், ஆய்வகம் போய்ச் சேரும்வரை குளிர்ச்சி குறையக் கூடாது. மே மாத வெயிலில் இது சும்மா இல்லை.

சென்னை கிண்டி, சேலம், கோவை, மதுரை, தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய ஆறு இடங்களில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன. மாதிரி கிடைத்த 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் என்கிறது 46-ஆவது பிரிவு. 14 நாளா என்று அலுத்துக்கொள்ளத் தோன்றும். சால்மோனெல்லாவைத் தேடும் வழக்கமான கல்ச்சர் முறையில் மட்டுமே நாலைந்து நாள் போய்விடும். முதலில் கிருமிக்கு ஊட்டம் கொடுத்து எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும், பிறகு மற்றக் கிருமிகளை அடக்கும் ஊட்டக் கலவையில் வளர்க்க வேண்டும், தட்டில் பிரித்தெடுக்க வேண்டும், அது அதுதானா என்று உறுதிசெய்ய வேண்டும்.

இன்னொன்று. கிருமி உணவில் சீராகக் கலந்து கிடப்பதில்லை, திட்டுத் திட்டாக இருக்கும். ஒரு கரண்டி எடுத்துப் பார்த்து "இல்லை" என்று வந்தால் அண்டாவிலும் இல்லை என்று பொருள் ஆகாது. அதனால்தான் நுண்ணுயிர் வரம்புகளில் பல உணவுகளுக்கு ஒரே தயாரிப்பிலிருந்து ஐந்து மாதிரி எடுக்கச் சொல்கிறார்கள். மொத்தக் கிருமி எண்ணிக்கை போன்றவற்றில் ஐந்தில் ஒன்றிரண்டு கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் விடுவார்கள். சால்மோனெல்லாவுக்கு அந்தச் சலுகை இல்லை: ஐந்திலும் 25 கிராமுக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. கடையின் மாதிரி சுத்தம் என்று அறிக்கை வந்தாலும் உங்கள் புகார் பொய் என்று ஆகிவிடாததற்கும் காரணம் இதுதான்.

அறிக்கை வந்த பிறகு

அலுவலகத்தில் மூன்று சொல் அடிக்கடி காதில் விழும்: மிஸ்பிராண்டட் (தவறான லேபிள்), சப்ஸ்டாண்டர்ட் (தரக்குறைவு), அன்சேஃப் (பாதுகாப்பற்றது). முதலிரண்டும் அபராதத்தோடு முடிபவை. மாவட்ட வருவாய் அலுவலர் விசாரித்து அபராதம் போடுவார். தரக்குறைவுக்கு 5 லட்சம் வரை, தவறான லேபிளுக்கு 3 லட்சம் வரை. சுகாதாரமற்ற சூழலில் சமைத்ததற்குத் தனியாக ஒரு லட்சம் வரை. அன்சேஃப் என்று வந்தால்தான் குற்ற வழக்கு, நீதிமன்றம். சாதாரணப் பாதிப்பு என்றால் ஓராண்டு வரை சிறையும் 3 லட்சம் வரை அபராதமும். கடுமையான பாதிப்புக்கு ஆறாண்டு வரை, 5 லட்சம் வரை. உயிர் போயிருந்தால் குறைந்தது ஏழாண்டு, ஆயுள் தண்டனை வரையும் போகலாம். அபராதம் 10 லட்சத்துக்குக் குறையக் கூடாது.

அறிக்கை வரும்வரை கடை அப்படியே நடக்குமா? நடக்கவேண்டும் என்பதில்லை. குறைகளைச் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுப்பதுதான் வழக்கம். மக்கள் நலனுக்கு அவசியம் என்று கருதினால், காரணத்தை எழுதிவைத்துவிட்டு உரிமத்தை உடனே நிறுத்திவைக்கவும் நியமன அலுவலருக்கு அதிகாரம் உண்டு.

பலருக்குத் தெரியாதது 65-ஆவது பிரிவு. உணவால் பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு தரும்படி கடைக்காரருக்கோ தயாரிப்பாளருக்கோ உத்தரவிடலாம். உயிரிழப்புக்கு 5 லட்சத்துக்குக் குறையாமல். கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரை. மற்றப் பாதிப்புகளுக்கு ஒரு லட்சம் வரை. சம்பவம் நடந்த ஆறு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், இறந்தவர் குடும்பத்துக்கு முப்பது நாளுக்குள் இடைக்கால நிவாரணம் என்றும் சட்டத்திலேயே இருக்கிறது. எழுத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் இது தானாக வந்து கதவைத் தட்டாது. மருத்துவமனைச் சீட்டு, பரிசோதனை முடிவு, பில் எல்லாவற்றையும் சேர்த்து எழுத்தில் கேட்க வேண்டும்.

நுகர்வோரே உணவைச் சோதிக்கக் கொடுக்கலாம் என்று 40-ஆவது பிரிவு சொல்வதைப் பெரிய உரிமையாகச் சிலர் பேசுவார்கள். கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம், தவறு என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அறிக்கையும் மேல் நடவடிக்கைக்காக நியமன அலுவலருக்குப் போகும். நல்லதுதான். ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள்: சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். பிரியாணிக்கு ஆர்டர் சொல்லும்போது அப்படி யார் சொல்வார்கள்? பாக்கெட் எண்ணெய், நெய், மசாலாப் பொடிக்கு இந்தப் பிரிவு உதவும். ஏற்கெனவே வயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு உதவாது.

உற்பத்தியையே நிறுத்தும் அதிகாரம் மாநில உணவு பாதுகாப்பு ஆணையருக்கு உண்டு. தமிழ்நாட்டில் பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை வந்தது இப்படித்தான். வேகாத முட்டையில் சால்மோனெல்லா இருந்தால் மயோனைஸ் செய்யும் முறையில் அதைக் கொல்லும் சூடு எங்கேயும் இல்லை என்பதே அறிவியல் காரணம். ஏன் ஓராண்டு மட்டும் என்று கேட்கிறீர்களா? இந்த அதிகாரத்தைத் தரும் 30-ஆவது பிரிவே ஓராண்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை. குட்கா தடைக்கு ஆண்டுதோறும் புது ஆணை போட்டதும் அதனால்தான். முட்டை சேர்க்காத மயோனைஸ் அந்தத் தடைக்குள் வரவில்லை.

நஷ்டஈட்டுக்கு இன்னொரு வழி, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டப்படி இரண்டாண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். உணவு பாதுகாப்புச் சட்டத்தில் குற்ற வழக்குக்கு ஓராண்டுதான் கெடு, ஆணையர் காரணம் எழுதி ஒப்புக்கொண்டால் மூன்றாண்டு வரை நீளும்.

ஹோட்டலுக்கு மட்டும்தானா இதெல்லாம் என்றால், இல்லை. உணவுத் தொழில் என்பதற்கு இந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் லாபத்துக்காகவோ லாபமில்லாமலோ என்று இருக்கிறது. அரசா தனியாரா என்ற வேறுபாடும் இல்லை. தள்ளுவண்டி, கல்யாணச் சமையல் கான்ட்ராக்டர், கல்லூரி விடுதி மெஸ், கோயில் அன்னதானக் கூடம் என எல்லாமே இதற்குள் வரும். அன்னதானத்தில் சாப்பிட்டவர் காசு கொடுக்கவில்லை என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது கடினம். உணவு பாதுகாப்பு அலுவலரிடம் போக அந்தத் தடை இல்லை.