அண்டர்ஸ்டேபிள் என்றால் என்ன?

தட்டை எறிந்து கூடையில் சேர்க்கும் ஆட்டமான டிஸ்க் கால்ஃபில் தூரம் எறிவதற்கான தட்டை டிரைவர் என்பார்கள். அதில் ஒரு வகைதான் அண்டர்ஸ்டேபிள். வலக்கைக்காரர் பின்கை வீச்சில் (கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளிப்பக்கம் வீசுவது) எறிந்தால், வேகம் இருக்கும்வரை இது வலப்பக்கம் சாய்ந்து போகும். வேகம் தணிந்த பிறகு மெல்ல இடப்பக்கம் திரும்பும்.

ஸ்டேபிள் என்ற சொல் லத்தீன் வழி வந்தது. ஸ்டாபிலிஸ் என்றால் உறுதியாக நிற்பது; அடியில் இருப்பது நிற்றலைக் குறிக்கும் வேர். நம் ‘நிலை’யும் ‘நில்’லிலிருந்து பிறந்ததுதான். சரி, தமிழில் அப்படியே ‘நிலைப்புக் குறைந்த தட்டு’ என்று எழுதிவிடலாமே என்று தோன்றும். எழுதக் கூடாது. அப்படிக் கேட்டால் ஏதோ தள்ளாடுகிற ஓட்டைத் தட்டு என்றுதான் வாங்குபவர் நினைப்பார். புதிதாக ஆடுபவர் கையில் நேராகப் போகிற டிரைவரே இதுதான்.

ஏன் என்று பார்ப்போம். தட்டு வேகமாகப் பறக்கும்போது காற்று அதன் மூக்கைக் கீழே அமுக்கப் பார்க்கும். வேகம் குறைந்தால் மேலே தூக்கப் பார்க்கும். சுற்றுகிற பம்பரத்தை ஒரு பக்கம் தட்டினால் அது வேறு பக்கம் சாய்கிறதல்லவா, அதேபோல் சுழலும் தட்டும் முன்பின்னாகக் கவிழாமல் பக்கவாட்டில் சாய்கிறது. முதலில் வலம், அப்புறம் இடம். ஒவ்வொரு டிரைவருக்கும் அது ஒழுங்காகப் பறக்க ஒரு வேகம் தேவை. பழகாத கையால் அந்த வேகத்தைக் கொடுக்க முடியாது. ஆகவே இதற்கு நேர்மாறாக, சாயாமல் இடப்பக்கமே திரும்பப் பார்க்கும் ஓவர்ஸ்டேபிள் தட்டு கையை விட்டதுமே இடப்பக்கம் சரிந்து மணலில் குத்தும். அல்டிமேட் ஃபிரிஸ்பீ என்ற குழு ஆட்டத்தின் 175 கிராம் தட்டை அழகாக வீசுகிற பிள்ளைகளுக்கும் முதல் டிரைவர் இப்படித்தான் போகும். அண்டர்ஸ்டேபிளில் வலச்சாய்வு எளிதில் கிடைப்பதால், கடைசியில் வரும் இடப்பக்கத் திருப்பத்தை அது ஈடுகட்டிவிடும்.

பெரும்பாலான தட்டுகளின் மேல் நான்கு எண்கள் இருக்கும்: வேகம், மிதப்பு (காற்றில் தங்கும் திறன்), சாய்வு (முதலில் வலப்பக்கம் சாய்வது; மைனஸ் எண் பெரிதானால் சாய்வும் அதிகம்), மீள்வு (கடைசியில் இடப்பக்கம் திரும்புவது). புதியவருக்கு வேகம் 6 முதல் 8 போதும். சாய்வு −2 அல்லது −3. மீள்வு 1-க்கு மேல் வேண்டாம். இன்னோவா நிறுவனத்தின் லெப்பர்ட் 6, 5, −2, 1 என்று வருகிறது. நான் முதலில் கைகாட்டுவது அதைத்தான். எடை 150 முதல் 165 கிராமுக்குள் இருந்தால் கைக்கு எளிது. 12, 13 வேகத் தட்டுகளைப் பார்த்து ஆசைப்படாதீர்கள்.

எண் அழிந்துபோன பழைய தட்டு கிடைத்தால் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். தட்டை வார்க்கிற அச்சின் மேல்பாதியும் கீழ்பாதியும் சேர்ந்த கோடு நகத்தில் தட்டுப்படும். ஒரே அச்சுத் தட்டுகளில் அந்தக் கோடு தாழ்ந்திருப்பது அதிகம் சாயும். சுவரிலும் கல்லிலும் அடிபட்டுத் தேய்ந்த தட்டும் புதிதாக இருந்ததைவிட அதிகம் சாயும்.

சென்னையில் காசிமேடு, திருவொற்றியூர் கடற்கரைப் பக்கம் எறிபவர்கள் காற்றையும் கணக்கில் வைக்க வேண்டும். மதியத்துக்கு மேல் கடல்காற்று கிளம்பிவிட்டால், கடலைப் பார்த்து எறிந்த தட்டு எதிர்காற்றில் அளவு மீறிச் சாய்ந்து கவிழும். டிரைவர்களில் பெரும்பாலானவை தண்ணீரில் மிதக்காது, போனது போனதுதான். கடலுக்கு முதுகு காட்டி எறியுங்கள். பின்காற்றில் சாய்வு குறையும் என்பதால் அப்போது −3 கைகொடுக்கும்.

தமிழில் இதைச் ‘சாய்தட்டு’ எனலாம். குறையைச் சொல்லாமல் தட்டு செய்கிற வேலையைச் சொல்கிறது, சொல்லவும் லேசு. ஓவர்ஸ்டேபிளுக்கு ‘மீள்தட்டு’, இரண்டுக்கும் நடுவில் இருப்பதற்கு ‘நேர்தட்டு’ என்று வைத்தால் மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும். ‘வலஞ்சாய்தட்டு’ என்று இன்னும் துல்லியமாக்க நினைத்தால் அது தவறாகிவிடும்: இடக்கைக்காரரின் பின்கை வீச்சில் இதே தட்டு இடப்பக்கம்தான் சாயும்.